மேரி சீகோல்: நர்ஸ் பட்டியலில் இடம் மறுக்கப்பட்டவர்

ஒவ்வோர் ஆண்டும் மே 12 உலகச் செவிலியர் தினம். மருத்துவமனைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி நர்ஸுகள் உறுதிமொழி எடுப்பார்கள். அது ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். கையில் விளக்கோடு அவர் நிற்கும் படம் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்தே நமக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து வரும் மே 14 யாருக்கும் நினைவில் இல்லாத தேதி. 1881-ம் ஆண்டு அந்த நாளில் லண்டனில் ஒரு பெண் இறந்தார். நைட்டிங்கேல் பெயர் வாங்கிய அதே கிரிமியப் போரில், குண்டு விழும் இடத்துக்கே போய்க் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போட்டவர் அவர். பெயர் மேரி சீகோல். ஜமைக்காவில் ஒரு கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர்.

நோயாளியை யார் தொடலாம் என்ற கேள்வி இந்தப் பத்திக்குப் புதிதல்ல. நம் ஊர்களில் நடுராத்திரியில் இடுப்புவலி கண்டால் மருத்துவச்சி வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். குழந்தை பிறந்து, தொப்புள்கொடி அறுத்து, எல்லாம் முடிந்ததும் அதே மருத்துவச்சிக்குக் கொல்லைப்புறத்தில் வைத்துக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் இருந்த இடத்தைக் கழுவுவார்கள். அந்தக் கை வேண்டும், கைக்கு உரியவர் வேண்டாம். மேரி சீகோலின் கதையில் சாதி இல்லை, நிறம் இருக்கிறது. மற்றபடி நமக்குத் தெரிந்த கதைதான்.

பொம்மைக்கு வைத்தியம்

மேரி 1805-ல் ஜமைக்கா தீவின் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். அப்போது அது பிரிட்டன் ஆண்ட அடிமைத் தீவு. ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கரும்புத் தோட்டங்களில் உழைத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். மேரியின் தந்தை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராணுவ அதிகாரி. தாய் கறுப்பினப் பெண், ஆனால் அடிமை அல்ல. அதனால் மேரியும் அடிமையாகப் பிறக்கவில்லை. இப்படி அடிமைகளுக்கும் வெள்ளையர்களுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் சொத்து வைத்துக்கொள்ளலாம், தொழில் செய்யலாம். ஓட்டுப் போட முடியாது, அரசுப் பதவிக்கு வர முடியாது. மேரி வளர்ந்தது அந்த நடுப்படியில்.

தாய் கிங்ஸ்டனில் ஒரு தங்கும் விடுதி நடத்தினார். காய்ச்சலில் விழுந்த ராணுவ அதிகாரிகளும் அவர்களின் குடும்பங்களும் அங்கே வந்து தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு போவார்கள். தாய் ஊரறிந்த மருத்துவச்சி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மூலிகை அறிவும், தீவில் வெப்பக் காய்ச்சல்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய அனுபவமும் அவருக்கு இருந்தன. ஐரோப்பாவிலிருந்து வந்த டாக்டர்கள் ரத்தத்தை வடித்துவிட்டு நோயாளியைப் பலவீனப்படுத்திய காலத்தில், ஜமைக்கா மருத்துவச்சிகள் சுத்தம், காற்றோட்டம், நல்ல கஞ்சி, ஓய்வு என்று வைத்தியம் பார்த்தார்கள்.

சிறுமி மேரி தன் பொம்மைக்கு முதலில் வைத்தியம் பார்த்தார். பிறகு வீட்டு நாய், பூனைகள் மாட்டிக்கொண்டன. அதுவும் போதாமல் மருந்தைத் தன் மீதே சோதித்துப் பார்த்தார். பன்னிரண்டு வயது வாக்கில் விடுதி நோயாளிகளைக் கவனிப்பதில் தாய்க்குத் துணையாகிவிட்டார். எந்த நர்ஸிங் பள்ளியிலும் அவர் படிக்கவில்லை. அப்போது அப்படி ஒரு பள்ளி பிரிட்டனிலேயே கிடையாது. நைட்டிங்கேல் பெயரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1860-ல்தான். மேரிக்குப் பயிற்சி இல்லை என்று குறை சொல்பவர்கள் இந்தத் தேதியை மறந்துவிடுகிறார்கள்.

1836-ல் எட்வின் சீகோல் என்பவரைத் திருமணம் செய்தார். கணவர் நோயாளி. 1843-ல் கிங்ஸ்டனில் பெரும் தீ பிடித்தபோது விடுதியும் எரிந்தது. அடுத்த ஆண்டு கணவர் போனார், அவரைத் தொடர்ந்து தாயும் போனார். மேரி விடுதியைத் திரும்பக் கட்டினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1850-ல் ஜமைக்காவை வாந்திபேதி தாக்கியது. காலரா என்று இன்று சொல்கிறோமே, அதுதான். 30,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த நோய் எப்படிப் பரவுகிறது என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கெட்ட காற்றால் வருகிறது என்றே பெரும்பாலான டாக்டர்கள் நம்பினார்கள். வெளியூர்க் கப்பல் கொண்டுவந்த தொற்று இது, ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது என்பது மேரியின் கணிப்பு.

கோவேறு கழுதைக்காரர்களின் கொட்டகை

அடுத்த ஆண்டு, பனாமாவில் கடை நடத்திக்கொண்டிருந்த தம்பி எட்வர்டைப் பார்க்க மேரி போனார். குருசஸ் என்ற ஆற்றங்கரை ஊர் அது. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அமெரிக்கர்கள் அந்த வழியாகத்தான் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பனாமா கால்வாய் வெட்டப்படாத காலம். படகிலும் கோவேறு கழுதையிலும் பயணம். குடிசைகள், சேறு, சூதாட்டம், திருட்டு. டாக்டர் என்று சொல்ல ஊரில் ஒரு பல் வைத்தியர்தான் இருந்தார், அவரும் பயந்த சுபாவம்.

மேரி போய்ச் சேர்ந்த சில நாட்களில் தம்பியின் நண்பர் ஒருவர் திடீரென்று செத்தார். விஷம் வைத்துவிட்டதாக ஊரார் எட்வர்டையே சந்தேகப்பட்டார்கள். மேரி பிணத்தைப் பார்த்தார். காலரா என்று புரிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த ஊருக்கு அவர்தான் டாக்டர், அவர்தான் நர்ஸ். பணக்காரர்களிடம் காசு வாங்கினார், இல்லாதவர்களுக்குச் சும்மா பார்த்தார். இலவங்கப்பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார், கடுகுப் பற்றுப் போட்டார். அன்றைய வழக்கப்படி ஈயம், பாதரசம் கலந்த மருந்துகளையும் கொடுத்தார். அவற்றில் சிலவற்றை நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது என்று பின்னாளில் தானே ஒத்துக்கொண்டார். உப்பு சர்க்கரைக் கரைசல் பற்றித் தெரிந்த நமக்கு, அந்தக் கொதித்த தண்ணீர்தான் பலரைக் காப்பாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது.

ஒரு ராத்திரி, கோவேறு கழுதைகளை வாடகைக்கு விடும் முதலாளி ஒருவர் வந்து அழைத்தார். அவருடைய கழுதைக்காரர்கள் விழுந்துவிட்டார்களாம். மேரி போய்ப் பார்த்தால், கதவும் சன்னலும் அடைத்த ஒரு கொட்டகையில் உயிரோடு இருப்பவர்களும் சாகப் போகிறவர்களும் ஒன்றாகக் கிடந்தார்கள். முதல் வேலையாகக் கதவு சன்னல்களைத் திறக்கச் சொன்னார். தீ மூட்டச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார். இரண்டு பேர் கை மீறிப் போய்விட்டார்கள் என்று முடிவு செய்து, பிழைக்க வழியுள்ளவர்கள் பக்கம் திரும்பினார். பயந்து நடுங்கிய பெண்களையே உதவிக்கு வைத்துக்கொண்டு விடிய விடிய வேலை பார்த்தார்.

இரக்கம் என்றால் கண் கலங்குவது என்று நாம் நினைக்கிறோம். ஓர் அவசர சிகிச்சை வார்டில் நிற்கும் நர்ஸைக் கேட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு பேர் கூப்பிடுவார்கள், கை இரண்டுதான். யாரிடம் முதலில் போவது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். போகாமல் விட்ட படுக்கையின் பாரத்தையும் அவர்தான் சுமக்க வேண்டும். மேரி அந்தக் கொட்டகையில் எடுத்தது அந்த முடிவுதான். வெளியே யாருக்கும் பெயர்கூடத் தெரியாத கூலிக்காரர்களுக்காக எடுத்த முடிவு.

அந்த ராத்திரி அவர் மடியில் ஒரு குழந்தை இறந்தது. தாய் தகப்பன் இல்லாத, ஒரு வயதே ஆன குழந்தை. நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மேரிக்கு வந்தது. குழந்தையைப் புதைக்க எடுத்துப்போன ஆளிடம் காசு கொடுத்துப் பேசி, ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் உடலை அறுத்துப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து புதைத்தார்கள். பார்த்தது தனக்குப் பயன்பட்டது என்று அவர் சொன்னார்.

இந்த இடத்தை லேசாகக் கடந்துபோக எனக்கு மனம் இல்லை. மேரிக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறந்திருக்காது. பெண், அதிலும் கறுப்பினப் பெண். உடலைப் பற்றித் தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை என்பது உண்மை. ஆனால் கேட்க ஆளில்லாத ஏழைக் குழந்தை என்பதால்தான் அது முடிந்தது என்பதும் உண்மை. அதே காலத்தில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்ற டாக்டர் அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை பழகினார். மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குச் சிலை வைத்தார்கள். 2018-ல்தான் நியூயார்க்கில் அந்தச் சிலையை அகற்றினார்கள். மேரி செய்தது அதற்கு ஈடாகாது. விடியும்வரை அந்தக் குழந்தையைப் பிழைக்க வைக்கப் போராடிய கை அது. இருந்தும் அந்த ஆற்றங்கரை மனதை உறுத்தத்தான் செய்கிறது.

கடைசியில் காலரா அவரையும் பிடித்தது. பிழைத்தார்.

வெளுக்க நினைத்த விருந்து

1851 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாள். குருசஸ் ஊரில் இருந்த அமெரிக்கர்கள் விருந்து வைத்தார்கள். ஒருவர் எழுந்து மேரியின் சேவையைப் பாராட்டிப் பேசினார். எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. இவ்வளவு நல்ல பெண் முழுக்க வெள்ளையாகப் பிறக்கவில்லையே என்று அவர் வருத்தப்பட்டார். ஏதாவது செய்து இவர் தோலை வெளுக்க முடிந்தால் எங்கு வேண்டுமானாலும் மதிப்போடு அழைத்துச் செல்லலாமே என்று ஆதங்கப்பட்டார். கேலியாக அல்ல, உண்மையான நன்றியோடுதான் பேசினார். அதுதான் கொடுமை.

மேரி பதில் சொல்லாமல் உட்காரவில்லை. வாழ்த்துக்கு நன்றி சொன்னார். தன் நிறம் இன்னும் கறுப்பாக இருந்திருந்தாலும் தான் இதே அளவு சந்தோஷமாகவும் பயனுள்ளவளாகவும், தான் மதிப்பவர்களால் மதிக்கப்பட்டும் இருந்திருப்பேன் என்றார். வெளுத்தால்தான் உங்கள் சபையில் இடம் என்றால் அந்தச் சபையே தேவையில்லை என்றார். உங்கள் நாட்டின் நடத்தை சீர்படட்டும் என்று வாழ்த்திவிட்டு முடித்தார். நீ அவர்களைப் போலவே இல்லையே என்று பாராட்டு வாங்கிய நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றிருக்கும்!

ஊர் திரும்ப ஓர் அமெரிக்கக் கப்பலில் சீட்டு வாங்கி ஏறினார். வெள்ளைக்காரப் பெண்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கூட இருந்த சிறுமியின் முகத்தில் அவர்களின் குழந்தைகள் எச்சில் துப்பின. கப்பலை விட்டு இறங்கி, வேறு ஆங்கிலக் கப்பலுக்காகக் காத்திருந்து ஊர் போய்ச் சேர்ந்தார். 1853-ல் ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, கிங்ஸ்டன் ராணுவ முகாமின் நோயாளிகளைக் கவனிக்க நர்ஸுகளை ஏற்பாடு செய்து தரும்படி ராணுவ டாக்டர்களே அவரைக் கேட்டார்கள். இதை நினைவில் வையுங்கள். அடுத்த ஆண்டு லண்டனில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

லண்டனில் மூடிய கதவுகள்

1854-ல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவுக்கு எதிராகக் கருங்கடல் ஓரம் கிரிமியாவில் போரில் இறங்கின. குண்டைவிடக் காலராவும் சீதபேதியும்தான் அதிகம் பேரைக் கொன்றன. அந்தப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 21,000 பேர், அதில் ஏறத்தாழ 16,000 பேர் நோயால் இறந்தவர்கள். காயம்பட்டவர்களைக் கேட்பாரில்லை என்ற செய்தி லண்டன் பத்திரிகைகளில் வர, அரசாங்கம் நைட்டிங்கேல் தலைமையில் 38 பெண்களை அக்டோபர் மாதம் அனுப்பியது. இன்னொரு குழுவுக்கும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் 49 வயது மேரி லண்டனில் வந்து நின்றார். காலராவையும் மஞ்சள் காய்ச்சலையும் நேரில் எதிர்கொண்டவர். ராணுவ டாக்டர்களின் சான்றிதழ்கள் கையில் இருந்தன. போர் அலுவலகத்துக்குப் போனார், காக்க வைத்தார்கள், வேறு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கேயும் அதே. போர்த்துறை அமைச்சரின் மனைவி நர்ஸுகளைத் தேர்ந்தெடுப்பதில் பங்கெடுத்தார், அவர் வீட்டு வாசலில் காத்திருந்தார். ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. நைட்டிங்கேலோடு வேலை செய்த ஒரு பெண்மணி அவரை நேர்காணல் செய்தார். இடம் காலியாக இருந்தாலும் தனக்குக் கிடைக்காது என்பதை அந்த அம்மையாரின் முகத்திலேயே படித்துவிட்டதாக மேரி பிறகு சொன்னார். போர் உதவி நிதியிலிருந்து வழிச்செலவு மட்டும் கேட்டுப் பார்த்தார். அதுவும் இல்லை.

யாரும் அவரை நிறத்தைச் சொல்லித் திட்டவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். இடம் இல்லை, நாள் முடிந்தது, அந்த மேசையில் கேளுங்கள். நம் அலுவலகங்களின் வராண்டாவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த மரியாதையின் அர்த்தம் தெரியும். ஒரு மாலை நேரம், இருட்டிக்கொண்டு வரும் லண்டன் தெருவில் நின்று மேரி அழுதார். அமெரிக்காவில் பார்த்த நிற வெறி இங்கேயும் வேர் விட்டிருக்கிறதோ, தன் தோலின் கீழே ஓடும் ரத்தம் சற்றுக் கறுத்த தோலுக்குள் ஓடுகிறது என்பதாலா இந்த மறுப்பு என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவர் வாழ்க்கைக் கதையில் அவர் அழுததாக வரும் இடங்கள் குறைவு.

மறுநாளோ மறுவாரமோ, அவர் முடிவு செய்துவிட்டார். சொந்தக் காசில் போவது. கணவரின் உறவினரான தாமஸ் டே என்பவரோடு கூட்டு சேர்ந்து, வீரர்களுக்கான கடையும் விடுதியும் நடத்த முடிவானது. 1855 ஜனவரியில் கப்பல் ஏறினார்.

வழியில் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையில் இறங்கி, ஒரு டாக்டர் தந்த அறிமுகக் கடிதத்தோடு நைட்டிங்கேலைச் சந்தித்தார். நைட்டிங்கேல் அன்பாகத்தான் பேசினார், என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். ஓர் இரவு தங்க இடம் வேண்டும் என்றார் மேரி. மருத்துவமனையின் சலவைக்காரப் பெண்கள் தூங்கும் அறையில் அவருக்கு ஒரு படுக்கை கிடைத்தது.

குண்டுக்குப் பக்கத்தில்

கிரிமியாவின் பலக்லாவா துறைமுகத்தில் இறங்கிய மேரி முதலில் துறைமுக மேடையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். போர்முனையிலிருந்து கழுதை வண்டிகளில் கொண்டுவந்து இறக்கப்பட்ட காயக்காரர்கள் கப்பலுக்காகக் குளிரில் காத்துக்கிடந்தார்கள். அவர்களுக்குச் சூடாகத் தேநீர் கொடுத்தார், அவிழ்ந்த கட்டுகளை மாற்றினார். துறைமுகத்திலிருந்து சுமார் இரண்டு மைல் தள்ளி, போர்முனைக்குப் போகும் சாலையில் 800 பவுண்டு செலவில் விடுதி எழுந்தது. கடலில் மிதந்து வந்த மரம், பழைய இரும்புத் தகடு, உடைந்த கப்பலின் சன்னல் என்று கிடைத்ததை வைத்துக் கட்டியது. பிரிட்டிஷ் ஹோட்டல் என்று பெயர்.

காலையில் சமையல். பிறகு வாசலில் காத்திருக்கும் நோயாளிகள். சாலையும் ரயில் பாதையும் போட வந்த கூலித் தொழிலாளர்களின் முகாம் பக்கத்திலேயே இருந்தது. ராணுவ மருத்துவமனைக்குப் போக முடியாதவர்கள், போகப் பயந்தவர்கள் மேரியிடம் வந்தார்கள். சீதபேதி, மஞ்சள் காமாலை, பனியில் வெடித்த கால். காசுள்ளவர்களிடம் வாங்கினார், இல்லாதவர்களுக்குச் சும்மா கொடுத்தார். பால் இல்லாத இடத்தில் பால் இல்லாமலே அரிசிப் பாயாசம் செய்து கொடுத்தார், அதைத் தின்றவர்களுக்கு வீட்டு நினைவு வந்ததாம். வீரர்கள் அவரை அம்மா என்று அழைத்தார்கள்.

சண்டை நாட்களில் ரொட்டி, இறைச்சி, மதுவைக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு, கட்டுத்துணியும் மருந்தும் அடங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போர்முனைக்கே போவார். 1855 ஜூன் 18 அன்று செவஸ்தபோல் நகரின் கோட்டை அரண் மீது நடந்த தாக்குதலின்போது குண்டு விழப்போவதைப் பார்த்து வீரர்கள் படுக்கச் சொல்லிக் கத்தினார்கள். தரையில் விழுந்த வேகத்தில் கட்டைவிரல் பிசகியது. அது கடைசிவரை நேராகவில்லை.

ஆகஸ்ட் மாதம் செர்னாயா ஆற்றுச் சண்டை. சண்டை ஓய்ந்த களத்தில் பிரெஞ்சு, இத்தாலி வீரர்களோடு ரஷ்யர்களும் விழுந்து கிடந்தார்கள். ரஷ்யர் எதிரி. மேரி ஆள் பார்த்துக் கட்டுப் போடவில்லை. கீழ்த்தாடையில் குண்டு பாய்ந்த ஒரு ரஷ்ய வீரரின் வாய்க்குள் விரலை விட்டுக் குண்டைத் தேடினார். உயிர் பிரியும் வலியில் அவர் பற்கள் மேரியின் விரல் மீது இறுகின. பக்கத்திலிருந்தவர்கள் வந்து விடுவித்தார்கள். தழும்பு நின்றுவிட்டது. இன்னொரு ரஷ்ய அதிகாரி, பேச மொழி இல்லாததால், தன் மோதிரத்தைக் கழற்றி மேரியிடம் கொடுத்துக் கையில் முத்தமிட்டார். எதிரிக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற ஜெனீவா ஒப்பந்தம் வந்தது 1864-ல். அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே, எந்தச் சட்டமும் சொல்லாமல், அந்தக் களத்தில் மேரி முடிவெடுத்திருந்தார்.

அவர் குறைகள்

மேரியைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் நடத்தியது வியாபாரம். மது விற்றார். நைட்டிங்கேலுக்கு அது பிடிக்கவில்லை. மேரி வீரர்களிடம் அன்பாக இருந்தார், நல்லதும் செய்தார், ஆனால் பலரைக் குடிக்க வைத்தார், தன் நர்ஸுகள் அவரோடு பழகாமல் பார்த்துக்கொண்டேன் என்று பல ஆண்டு கழித்துத் தன் உறவினருக்கு எழுதிய தனிப்பட்ட கடிதத்தில் குறிப்பிட்டார். விடுதியின் ஒழுக்கத்தையே சந்தேகித்தும் எழுதினார். கடையில் மது இருந்தது உண்மை. அந்தக் காலத்தில் ராணுவ மருத்துவமனைகளிலும் நோயாளிக்கு மது மருந்தாகக் கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை. ஒழுக்கத்தைப் பற்றிய அந்தச் சந்தேகத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தனியாகத் தொழில் நடத்தும் கறுப்பினப் பெண் மீது அப்படி ஒரு சொல்லை வீச ஆதாரம் தேவைப்படுவதே இல்லை.

மேரியிடம் எனக்கு வேறு வருத்தம் உண்டு. அவர் எழுதிய வாழ்க்கைக் கதையில் துருக்கியர்களையும் கிரேக்கர்களையும் பனாமாவின் உள்ளூர் மக்களையும் பற்றி இளக்காரமான பேச்சு வருகிறது. தன் ஸ்காட்லாந்து ரத்தத்தில் பெருமைப்பட்டுக்கொண்டார். அடிபட்டவர்கள் எல்லோரும் தமக்குக் கீழே உள்ளவரைச் சமமாகப் பார்த்துவிடுவதில்லை என்பது நம் தெருக்களிலும் நாம் அறிந்ததுதான். 1857-ல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தபோது, பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பணிவிடை செய்ய இந்தியாவுக்கு வர ஆசைப்பட்டார். நடக்கவில்லை. பேரரசின் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக நினைத்தவர், அந்தப் பேரரசு யார் கழுத்தில் காலை வைத்திருக்கிறது என்று கேட்கவில்லை. காயம்பட்ட ரஷ்யரைக் கண்ட கண்ணுக்கு அது தெரியாமல் போனது.

காணாமல் போனதும் கிடைத்ததும்

1856 மார்ச்சில் சமாதானம் வந்தது. வீரர்கள் ஊர் திரும்பினார்கள். கடையில் வாங்கி வைத்த சரக்கு அப்படியே தங்கியது, கடன் கொடுத்தவர்கள் லண்டனில் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் மேரி திவாலானார். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட வீரர்களும் அதிகாரிகளும் பத்திரிகைகளுக்கு எழுதினார்கள். 1857 ஜூலையில் லண்டனில் நான்கு நாள் இசை விழா நடத்தி நிதி திரட்டினார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனால் விழா நடந்த பூங்காவை நடத்திய கம்பெனியே நொடித்துப்போய், மேரி கைக்கு வந்தது மிகக் குறைவு. அதே ஆண்டு அவர் வாழ்க்கைக் கதை புத்தகமாக வந்தது. போர்ச் செய்தியாளர் வில்லியம் ரஸ்ஸல் அதற்கு முன்னுரை எழுதினார். பிரிட்டனில் ஒரு கறுப்பினப் பெண் எழுதி வெளியிட்ட முதல் தன்வரலாறுகளில் அது ஒன்று. பிறகு வாழ்க்கை ஓரளவு நிமிர்ந்தது. இளவரசி ஒருவருக்கு உடம்பு பிடித்துவிடும் வேலையும் பார்த்தார்.

இறந்த பின் ஏறக்குறைய நூறு ஆண்டு அவரை மறந்தார்கள். 1869-ல் வரையப்பட்ட அவர் உருவப்படம் ஒன்று, வேறு யாருடைய படத்துக்கோ சட்டத்தின் பின்னட்டையாகச் செருகப்பட்டுக் கிடந்தது. இந்த நூற்றாண்டில்தான் யாரோ கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இன்று அது லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது.

அவரை மீட்டவர்கள் யார் என்பதுதான் முக்கியம். சொந்த ஊரில் செவிலியர் சங்கம் 1954-லேயே தன் தலைமையகத்துக்கு அவர் பெயரை வைத்தது. பிரிட்டனில் 1948-ல் அரசு மருத்துவச் சேவை தொடங்கியபோது நர்ஸுகளுக்குப் பஞ்சம். ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்களை வரவழைத்தார்கள். வந்தவர்களில் பலரை முழுத் தகுதி தரும் படிப்பில் சேர்க்காமல், பதவி உயர்வு கிடைக்காத இரண்டாம் நிலைப் படிப்பில் தள்ளினார்கள். அந்தச் சான்றிதழ் ஊர் திரும்பினால் செல்லாது. தொடாதே என்று கையைத் தட்டிவிட்ட நோயாளிகளையும் அவர்கள் துடைத்துக் கிடத்தினார்கள். லண்டனில் சிதைந்து கிடந்த மேரியின் கல்லறை, செவிலியர் நினைவு நிதி அமைப்பு ஒன்றும் ஜமைக்கப் பெண்கள் சங்கம் ஒன்றும் முயன்றதால் 1973-ல் புதுப்பிக்கப்பட்டது. மராட்டியத்தின் சாவித்திரிபாய் புலேயை நாம் மீட்டதும் இப்படித்தான். 1897-ல் புனேயில் பிளேக் நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்து, அதே நோயால் இறந்தவர் அவர். அவரையும் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது அவர் படிக்க வைத்த மக்கள்தான்.

2016 ஜூன் 30 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் மேரி சீகோலுக்கு வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி இருந்த இடத்தில் இவருக்குச் சிலையா, இவர் நர்ஸே இல்லையே என்று எதிர்ப்பு எழுந்தது. வைத்துவிட்டார்கள். தோளில் பையோடு, தேம்ஸ் நதிக்கு அக்கரையிலிருக்கும் நாடாளுமன்றத்தைப் பார்த்து நடக்கும் கோலம். 2020-ல் கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் அவசரமாகக் கட்டிய மருத்துவமனைகளுக்கு நைட்டிங்கேல் பெயர் வைத்தார்கள். அந்த மே மாதம் சர்ரே மாவட்டத்தில், நோயிலிருந்து மீண்டும் எழுந்து நடக்க முடியாமல் இருந்தவர்களுக்காக ஒரு மையம் திறந்தார்கள். சுவாசிக்கவும் நடக்கவும் நோயாளிகளுக்கு மறுபடி கற்றுக்கொடுத்த அந்த இடத்துக்கு வைத்த பெயர் சீகோல்.